கவிழ்த்துத் தட்டாத கூடை

கூடையைக் கவிழ்த்துத் தட்டாதே என்று என் வீட்டுக்காரியிடம் சொன்னவன் நான்தான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தாயிற்று. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

நாங்கள் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். நானும் அவளும் பிறந்தது அங்கேதான், லயம் என்கிற வரிசை வீட்டில். அவள் கொழுந்து பறித்தாள். நான் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் உண்டு. நான் நாலாவதோடு நின்றேன். ஐந்தாவது வாத்தியாருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் எனக்குத்தான் படிப்பு வரவில்லை.

எழுபதுகளில் எங்களை இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் காகிதம் கொடுத்தார்கள். கப்பலேறி வந்தோம். நான், அவள், ஒரே பையன், இரண்டு டிரங்குப் பெட்டி. இறங்கின இடத்துக் கேம்ப்பில் எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டார்கள். என் பாட்டன் வாடிப்பட்டிப் பக்கமிருந்து போனவர் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். வாடிப்பட்டி என்றேன்.

வாடிப்பட்டியில் இறங்கிப் பாட்டன் பேரைச் சொல்லி மூன்று நாள் விசாரித்தேன். ஊரே கட்டிப்பிடித்து அழும் என்று நினைத்துப் போனவன் நான். கடைசியில் ஒரு பெரியவர் சொன்னார்.

"அந்தப் பேருல எங்க தெருவுலயே நாலு பேரு செத்துருக்கான்யா. உனக்கு எவன் வேணும்?"

நாலில் ஒருவரைப் பொறுக்கிக்கொள்ளத் தெரியாமல் சோழவந்தானுக்கு வந்தேன். அங்கே வெற்றிலை மண்டியில் வேலை கிடைத்தது. கொடிக்காலிலிருந்து வரும் வெற்றிலையைக் கவுளி கவுளியாகக் கூடையில் அடுக்க வேண்டும். கூடைக்குள் முதலில் வாழைச்சருகு பரப்பி, வெற்றிலையை அடுக்கி, மேலேயும் சருகு வைத்துத் தண்ணீர் தெளித்துக் கட்டவேண்டும். லாரி ஏற்றிக்கொண்டு போகும். வெளியூர்க் கடையில் வெற்றிலையை இறக்கிவிட்டுக் காலிக் கூடையைத் திருப்பி அனுப்புவார்கள். அடுக்குகிறவன் ஒவ்வொருவனும் தன் கூடையில் ஓர் அடையாளம் கட்டுவான். வெற்றிலை அழுகிப்போனால் யாரைத் திட்டுவது என்று தெரியவேண்டும் அல்லவா. எங்கள் கூடைக்கு அவள் சிலோனிலிருந்து கொண்டுவந்த பழைய சீத்தைச் சேலையைக் கிழித்துக் கட்டினாள். ஊதாப்பூப் போட்ட துணி. அந்தப் பூ மதுரை ஜில்லாவிலேயே வேறு எங்கும் கிடையாது.

அவளும் மண்டிக்கு வேலைக்கு வந்தாள். வந்த முதல் நாளே மானத்தை வாங்கினாள்.

காலிக் கூடை எதுவானாலும் கையில் எடுத்ததும் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டுவாள். தொப், தொப், தொப். தோட்டத்துப் பழக்கம் அது. பழைய கொழுந்து ஒன்று கூடை அடியில் ஒட்டிக் கறுத்துக் கிடந்தால் புதுக் கொழுந்தையும் கெடுத்துவிடும், கங்காணி கத்துவான். அதனால் கொழுந்து எடுக்கிற பெண் எவளும் தட்டாமல் கூடையைக் கீழே வைக்கமாட்டாள். இவளுக்குப் பத்து வயதிலிருந்து அந்தக் கை.

மண்டியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏக்கா, கூடை என்னக்கா தப்பு பண்ணுச்சு? இந்தச் சாத்து சாத்துற?"

"சிலோன்ல கூடைக்கும் வாத்தியார் உண்டு போலயே!"

அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளும் சிரித்துவிட்டு அடுத்த கூடையைத் தட்டினாள். எனக்குத்தான் காது சுட்டது. நான் அப்போது மும்முரமாக மதுரைக்காரன் ஆகிக்கொண்டிருந்தேன். அம்புட்டு, இம்புட்டு என்று பேசப் பழகினேன். எல்லாரையும் அண்ணே என்றேன். என்னைவிடச் சின்னவனையும் அண்ணே என்றேன். எந்த ஊர் என்று கேட்டால் "வாடிப்பட்டிண்ணே" என்பேன். உடனே கேட்டவன், "வாடிப்பட்டியா? வாடிப்பட்டில யாரு வீடு?" என்பான். பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி தேடுவேன்.

அன்று வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "இனிமே கூடையத் தட்டாத. இது லயம் இல்ல, இந்தியா."

"இந்தியாவுல குப்பை இருக்காதா?"

"இருந்துட்டுப் போகட்டும். ஊர்க்காரன் எவனாச்சும் தட்டுறானா? நம்மளைப் பாத்ததும் சிலோன்காரன்னு சொல்ற மாதிரி வச்சுக்கக் கூடாது."

பையன் ஓரமாக உட்கார்ந்து சிரித்தான். அவனுக்கு அப்போது பதினாறு. "அப்பா, நீங்க வாயத் தொறந்தாலே சிலோன்தான்" என்றான்.

அவள் மண்டியில் தட்டுவதை நிறுத்தினாள். வீட்டில் நான் இல்லாதபோது தட்டுவாள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

பையன் என்னை மாதிரி இல்லை. படிப்பு ஏறியது. பத்தாவது பாஸ் பண்ணினான். மண்டி முதலாளிக்கு நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்து ஊர் ஒன்றில் வாடிக்கையான கடை இருந்தது. அங்கே வெற்றிலை இறக்கிப் பிரிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். பத்தொன்பது வயதில் அவனை அனுப்பினோம். அனுப்பியது நான் என்று சொல்லவேண்டும். அவள் வேண்டாம் என்றாள். "கடலத் தாண்டி வந்தவன்டி நம்ம பய, கடலப் பாத்துப் பயப்படுவானா?" என்று டீக்கடையில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவள் டீக்கடைக்கு வரமாட்டாள். அவளுக்குச் சொல்லவேண்டியதை அங்கேதான் சொல்வேன்.

ஆறு மாதம் கழித்து அந்தக் கடற்கரையில் புயல் அடித்தது.

எங்கள் ஊரிலும் மழைதான். வைகையில் தண்ணீர் வந்தது. எல்லாரும் கரைக்கு வேடிக்கை பார்க்கப் போனார்கள். நானும் போனேன். அப்போது எங்கே புயல் என்று தெரியாது. மறுநாள் டீக்கடை ரேடியோவில்தான் கேட்டேன். நாகப்பட்டினம் என்றார்கள். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். எத்தனை பேர் என்று கணக்குத் தெரியவில்லை என்றார்கள். கையில் டீ இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மண்டி முதலாளி போன் போட்டுப் பார்த்தார். லைன் இல்லை. தந்தி ஆபீசில் அந்தப் பக்கம் எதுவும் போகாது என்றார்கள். நான் தினமும் தபாலாபீசு வாசலில் நின்றேன். தபால்காரர் மூன்றாம் நாள் "அண்ணே, இருந்தா நானே கொண்டாந்து தர மாட்டேனா?" என்றார். நாலாம் நாள் சைக்கிளை வேறு தெருவில் திருப்பிக்கொண்டு போனார். நான் அந்தத் தெருவுக்கும் போனேன்.

ஆறாம் நாள் மண்டிக்கு ஒரு லாரி வந்தது. காலிக் கூடைகள். அந்தக் கடலோரக் கடையிலிருந்து திரும்பி வந்த எங்கள் மண்டிக் கூடைகள். அதில் ஊதாப்பூத் துணி கட்டினவை ஏழு இருந்தன. நான் டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருண்ணே ஏத்துனது? பையன் ஒருத்தன், ஒல்லியா இருப்பான்..."

"தெரியாதுண்ணே. தஞ்சாவூர்ல ரோட்டோரம் அடுக்கி வச்சிருந்துச்சு. மாட்டு வண்டில வந்து எறக்கிட்டுப் போயிட்டாங்களாம். மதுரைப் பக்கம் போற வண்டின்னு என் வண்டில ஏத்திவிட்டாங்க."

"யாரு வண்டில வந்தது?"

"நான் பாக்கலைண்ணே. பாத்திருந்தா சொல்ல மாட்டேனா?"

ஏழு கூடையையும் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் போட்டேன். போட்டேன் என்றால் எறிந்தேன். பையனை அனுப்பினேன், கூடை திரும்பி வருகிறது. எனக்கு அந்தக் கூடைகளைக் கண்டாலே ஆத்திரமாக வந்தது.

அவள் வெளியே வந்து பார்த்தாள். துணியைத் தொட்டுப் பார்த்தாள். "கூடையைக் கட்டி அனுப்ப ஆள் இருக்கில்ல?" என்றாள்.

"புயலுக்கு முந்தியே கட்டி வச்சதா இருக்கும்."

"முந்தியே கட்டுனது நனைஞ்சிருக்கணுமே."

"காஞ்சிருக்கும்டி."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் ஒன்று நல்லதாகச் சொன்னால் நான் ஒன்று கெட்டதாகச் சொல்வது அந்த நாட்களில் என் வேலையாக இருந்தது. நம்பிவிட்டுப் பிறகு இல்லையென்று ஆனால் தாங்கமாட்டேன் என்ற பயம். அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. வாதாடத்தான் தெரிந்தது.

அவள் ஒரு கூடையை எடுத்துக் கவிழ்த்தாள். கை ஓங்கினாள்.

"தட்டாத!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ஆள் எட்டிப் பார்த்தார்கள். "பிள்ள இருக்கானோ இல்லையோன்னு கெடக்கு, தொப்பு தொப்புன்னு தட்டிக்கிட்டு! எழவு வீட்டுப் பறை மாதிரி! இது லயம் இல்லடி!"

அவள் கையைக் கீழே இறக்கினாள். என்னைப் பார்த்தாள். கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எங்களிடம் ஒரே ஒரு கோழி இருந்தது. அது அன்றைக்கு அடைக்குக் கத்திக்கொண்டு திரிந்தது. கோழிக்கு என்ன தெரியும். நான் அவள் வைத்த அதே கூடையை எடுத்து, உள்ளே பார்த்தேன். அடியில் பழைய வாழைச்சருகு கிடந்தது. அது எப்போதும் கிடப்பதுதான். அதன் மேல் இரண்டு பிடி வைக்கோல் போட்டு, பதினோரு முட்டை வைத்து, கோழியைத் தூக்கி உட்கார வைத்தேன். அவள் கோபமாக இருந்ததால் அவள் வேலையை நான் செய்தேன். நல்லது செய்வதாக நினைப்பு.

அன்று சாயங்காலம் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டேன். பையன் இருக்கிறான் என்று ஒரு சேதி வந்தால் இந்தக் கோழியைக் கொடுத்துவிடுகிறேன் சாமி என்றேன். வேறு கோழி இல்லை. சாமி அப்போது என்ன நினைத்திருப்பார் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன்.

மூன்று நாள் பொறுத்தேன். பிறகு பஸ் ஏறினேன். திருச்சி போய், தஞ்சாவூர் போனேன். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. தஞ்சாவூருக்கு மேல் பஸ் போகாது என்றார்கள். ஓர் ஆபீசு வாசலில் கூட்டம். செத்தவர்கள் பேரை எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம் பாருய்யா" என்றார்கள். மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தேன்.

மூன்றாவது தாளில் என் பையன் பேர் இருந்தது.

அப்பா பேர் இல்லை. ஊர் இல்லை. வயது இருபது இருக்கலாம் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தவரிடம் கேட்டேன். "அதுக்கு மேல எங்களுக்கும் தெரியாதுங்க. சாதாரணமா வைக்கிற பேருதானே" என்றார். சாதாரணமான பேர்தான். நான்தான் வைத்தேன். அவள் வேறு பேர் சொன்னாள். அந்தப் பேரை வைத்திருந்தால் அந்தத் தாளில் இருந்திருக்காது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். வாடிப்பட்டிப் பெரியவர் ஞாபகம் வந்தது. உனக்கு எவன் வேணும் என்று கேட்டாரே. அதே கேள்விதான் அந்தத் தாளும் கேட்டது.

வீட்டுக்கு வந்தேன். அவள் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் தெரியல."

"பேரு எழுதிப் போட்டிருப்பாங்களாமே?"

"கூட்டம். பாக்க முடியல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்வதிலும் நான் நாலாவதுதான் பாஸ்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. நான் கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதுவும் கண்ணை மூடிமூடித் திறந்துகொண்டு என்னைப் பார்க்கும். தானியம் போடுவேன். ஒரு நாள் அதனிடம் தாளில் பார்த்ததைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் அதனால் செய்ய முடிந்தது. இன்னும் கொஞ்சம் எழுந்து நகர்ந்திருக்கலாம்.

டீக்கடையில் ஆட்கள் எனக்கு இடம் விட்டார்கள். அதுவரை யாரும் விட்டதில்லை. "என்ன செய்யிறது மாப்ள, நம்ம கையில என்ன இருக்கு" என்றார்கள். முதல் தடவையாக ஒருத்தர் என்னை மாப்ள என்று கூப்பிட்டார். இதற்குத்தான் நான் மூன்று வருஷமாக அலைந்தேன். கிடைத்தபோது எழுந்து வந்துவிட்டேன்.

கூடை வந்த ஒன்பதாம் நாள் காலையில் மண்டியிலிருந்து ஆள் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் ரோடு திறந்துவிட்டது, லோடு போகிறது, எல்லாக் கூடையும் வேண்டும் என்றார்.

"ஒண்ணுல கோழி அடை கெடக்கு" என்றேன்.

"அண்ணே, கூடை மண்டியோடது. கோழிதான் உங்களது."

நியாயம்தான். ஆனால் எனக்கு எழுந்திருக்க மனசு வரவில்லை. அவள்தான் போனாள். பெரிய மண்சட்டியில் மணலும் வைக்கோலும் போட்டாள். கோழியைப் பக்குவமாகத் தூக்கினாள். அது அவள் கையைக் கொத்தியது. ரத்தம் வந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாகச் சட்டிக்கு மாற்றினாள். வைக்கோலை அள்ளிப் போட்டாள். பிறகு கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"எச்சம் ஒட்டியிருக்கு. தட்டலாமா?"

அப்படிக் கேட்டாள். பதினைந்து நாளில் அவள் என்னிடம் கேட்ட ஒரே அனுமதி அது. மண்டி ஆள் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னமோ பண்ணு" என்றேன்.

கவிழ்த்தாள். ஒரு தட்டு. எச்சமும் தூசியும் விழுந்தன. இரண்டாவது தட்டு. ஒன்றும் இல்லை. மூன்றாவதைப் பலமாக அடித்தாள். அந்த அடி எனக்கு விழவேண்டியது என்று நினைக்கிறேன். அடிப் பின்னலில் செருகியிருந்த வாழைச்சருகு ஒன்று கழன்று விழுந்தது. சின்னதாக மடித்து, நாரால் கட்டியிருந்தது. மண்டியில் யாரும் சருகை நாரால் கட்டமாட்டார்கள்.

அவள் குனிந்து எடுத்தாள். பிரித்தாள். உள்ளே ஒரு காகிதம், நாலாக மடித்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். எழுத்து யாருடையது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவன் எழுத்து பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மண்டி ஆள் பொறுக்க முடியாமல் "கொடுங்கண்ணே, நான் படிக்கிறேன்" என்றார். கொடுக்கவில்லை.

'அப்பா அம்மாவுக்கு. நான் சுகம். காலில் மட்டும் காயம். கடை போய்விட்டது. கடைக்காரர் வீட்டார் எல்லாரும் பிழைத்தார்கள். பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கிறோம். இங்கிருந்து தபால் போகாது. கடைக்காரர் வீட்டு மாடியில் அடுக்கியிருந்த கூடைகள் தப்பின. அதைத் தஞ்சாவூர் வரை அனுப்புகிறார்கள். அதனால் அம்மா துணி கட்டின கூடையில் இதை வைக்கிறேன். வழியில் விழாமல் அடியில் இறுக்கிச் செருகியிருக்கிறேன். பரவாயில்லை, அம்மா எப்படியும் தட்டுவாள். என்னைத் தேடி வரவேண்டாம். அப்பாவுக்கு அலையத் தெரியாது.'

அம்மா தட்டுவாள் என்ற வரியோடு நான் நின்றுவிட்டேன். மீதியை மண்டி ஆள் எட்டிப் பார்த்துப் படித்தார். அவர்தான் சத்தமாகப் படித்தார். ஊருக்கெல்லாம் சொன்னதும் அவர்தான்.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அவள் மற்ற ஆறு கூடையையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கவிழ்த்தாள். தட்டினாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று. எதிலும் ஒன்றும் இல்லை. இருக்காது என்று அவளுக்கும் தெரியும். ஆறையும் தட்டி முடித்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

நான் அப்போதுதான் தாளில் பார்த்த பேரைப் பற்றிச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "தண்ணி குடிக்கும்போதே தெரிஞ்சுச்சு." பிறகு, "அது எந்தத் தாயோட பிள்ளையோ" என்றாள்.

அடுத்தது கருப்பசாமி. வாக்குக் கொடுத்தாயிற்று, கோழியைக் கொண்டுபோகவேண்டும் என்றேன். அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒம்பது நாளு லெட்டர அடைகாத்த கோழி. சாமி கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க போய்க் கும்பிட்டு வாங்க" என்றாள். போய்க் கும்பிட்டேன். தவணை கேட்டேன். பதினொன்றில் நாலு பொரித்தது. அதில் ஒரு சேவல் சாமிக்குப் போனது.

பையன் ஒரு மாதம் கழித்து வந்தான். இளைத்திருந்தான். கால் காயம் ஆறியிருந்தது. வந்த அன்று கோழி அடிக்கலாமா என்று நான் கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் கத்தரிக்காய் வாங்கக் கிளம்பினேன்.

திரும்பி வரும்போது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, ரோடு தொறந்ததும் ஓடி வந்திருக்கலாமே" என்றேன்.

"அதான் லெட்டர் வச்சிருந்தேனேப்பா. கூடை வந்த அன்னைக்கே கெடச்சிருக்குமே, நிம்மதியா இருப்பீங்கன்னுதான் அங்க வேலையப் பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கே கெடச்சிச்சுல்ல?"

நான் கத்தரிக்காய்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சோற்றின் மேல் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"அன்னைக்கே கெடச்சிருச்சுப்பா" என்றாள்.

"தெரியும். நீ தட்டாம இருக்க மாட்டியே" என்றான்.

மண்டி ஆள் ஊருக்கெல்லாம் சொன்ன கதை அவன் காதுக்கு எப்படிப் போகாமல் இருந்தது என்று தெரியவில்லை. போயும் அவன் அம்மா சொன்னதையே வைத்துக்கொண்டானோ என்னவோ. அவளும் போய் நாலு வருஷம் ஆகிறது. அவளுக்காக நான் காத்துவந்த பொய்யா, எனக்காக அவள் சொன்ன பொய்யா என்று பிரிக்கத் தெரியவில்லை. மகனே, அன்றைக்குக் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது. அம்மா தட்டத்தான் கை ஓங்கினாள். நான்தான் விடவில்லை.